படம் காட்டப் போற பேரனுக்கு

கெட்டிக்காரன்டா நீ. ராத்திரி பத்தரை மணிக்கு, மனுசன் சாப்பிட்டு முடிச்சு சாரத்தை இறுக்கிக்கொண்டு படுக்கப் போற நேரமாப் பார்த்து, வெப்சைட்டுக்குக் கீறின மூணு படத்தை வாட்ஸ்அப்பில தட்டிவிட்டு, கீழ "எது பிடிச்சிருக்கு சேர்?" எண்டு ஒரு வரியும் எழுதினியாம். கம்பஸ் படிப்பு வீண்போகல்ல. இனி நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல. மிச்சம் எல்லாம் தானா நடக்கும்.

நடந்ததை நான் சொல்றன், கேளு. கற்பிட்டி ஆலங்குடாவில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற உன்ட முதலாளி மூணு படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அவருக்கு மூணும் ஒண்டாத்தான் தெரிஞ்சிருக்கும். அதைச் சொல்ல வெட்கம். உடனே மிலானில இருக்கிற மச்சானுக்கு அனுப்பினார். வென்னப்புவ, மாரவில பக்கத்தில எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இத்தாலியில ஒரு ஆள் இருக்கும். இவருக்கும் ஒருத்தர் இருக்கார். அங்க அவர் என்ன வேலை செய்றார் எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா இத்தாலியில இருக்கிறவருக்கு வடிவு எண்டா என்ன எண்டு தெரியாமலா இருக்கும்? முதலாவது படத்தைப் பார்த்தா மரண அறிவித்தல் ஞாபகம் வருது எண்டார் மச்சான். முதலாளிட மனுசிக்கு ரெண்டாவதிட ரோஸ் நிறம் பிடிச்சுது, ஆனா மகள்ட கலியாணக் கார்ட்டில இருந்த ரோஸ் இதைவிட நல்லமாம். கடலில கைட் சேர்ஃபிங் பழக்கிற பொடியன் மட்டும், மூணாவது படத்தில காத்து ஒரு பக்கம் அடிக்க கைட் மற்றப் பக்கம் பறக்குது எண்டான். உருப்படியான கதை அது ஒண்டுதான். அதை ஒருத்தரும் காதில போடல்ல. விடியக்காலம் உனக்குப் பதில் வந்துது: முதலாவதிட தலை, ரெண்டாவதிட நிறம், மூணாவதில இருக்கிற ஓங்கில். ஓங்கிலைக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லியும் எழுதியிருந்துது.

இப்ப அந்த மூணையும் வெட்டி ஒட்டிக்கொண்டு, ராவிருட்டி முழிச்ச கண்ணோட என்ட திண்ணையில வந்து குந்தியிருக்கிறாய். குந்து. பிளேன்டீ வருது.

இன்டர்நெட்டைப் பத்தி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் எண்டு உன்ட முகத்தில எழுதியிருக்கு. ஒண்டும் தெரியாது. நான் உடப்பில வள்ளத்துக்குப் பேர் எழுதினவன். கடைக்குப் போர்ட் எழுதினவன். ஆடித் தீமிதிக்கு வரவேற்பு வளைவு எழுதினவன். சிலாபத்து லொறிகளிட பின்பலகையில பொன்மொழி எழுதினவன். அதில பாதி நானே கட்டினது, மகான்கள் பேரில ஓடுது. சாமான்தான் மாறியிருக்கு மகன். எனாமல் பெயிண்ட் போய் கொம்பியூட்டரில படம் கீறுற பிக்மா வந்திருக்கு. எதிரில குந்தியிருந்து நாடியைச் சொறியிற ஆள் அதே ஆள்தான்.

வள்ளத்தில எழுத ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்டு மீன்பிடித் திணைக்களம் குடுக்கிற பதிவு நம்பர். மற்றது பேர். நம்பர் எழுதும்போது எந்தச் சம்மாட்டியும் என்ட தோளுக்கு மேலால எட்டிப் பார்த்ததில்ல. தூரத்தில வாற நேவிக்காரனுக்கு வாசிக்க ஏலுமா, உப்புத் தண்ணி பட்டும் நிக்குமா, அவ்வளவுதான் கேள்வி. பேர் எழுதத் தூரிகையை எடுத்தவுடனே வீட்டுச் சனம் முழுக்க மணலில வந்து குந்தும். மூத்த மகள்ட பேரா, ரெண்டாவது மகள்ட பேரா, திரௌபதை அம்மன் பேரா, சிவப்பா, பச்சையா, எழுத்துக்கு நிழல் விடுறதா. பொழுது படும். நான் என்ன செய்வன் தெரியுமா? முதல்ல நம்பர் வேலையில சம்மாட்டியை இழுத்துவிடுவன். "வள்ளம் கரையேறும்போது எந்தப் பக்கம் சனத்துக்குத் தெரியும்? வலை ஏத்தினா எவ்வளவு மறையும்?" எண்டு கேப்பன். மனுசன் கைகாட்டிக் காட்டிச் சொல்லுவார். பேருக்கு எவ்வளவு இடம் மிச்சம், எந்த நிறம் வெயிலில நிக்கும் எண்டது எல்லாம் அவர்ட வாயாலேயே முடிஞ்சிருக்கும். பிறகு பேருக்கு வந்தா, சண்டை பிடிக்க அவருக்கு ரெண்டு சாண்தான் மிச்சம்.

உன்ட வெப்சைட்டிலயும் ஒரு நம்பர்ப் பக்கம் இருக்கு, ஒரு பேர்ப் பக்கம் இருக்கு. சோளகம் அடிக்கிற மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் கைட்காரன் வருவான். டிசம்பர் நடுவில இருந்து மார்ச் வரைக்கும் இன்னொரு காத்து. ஓங்கில் பார்க்க வாறவனுக்கு நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடல் இடம் குடுக்கும். கட்டுநாயக்கவில இறங்கினவன் எப்பிடி வந்து சேருவான், அறை என்ன விலை, பலகை வாடகைக்குக் கிடைக்குமா, ஆருக்கு போன் அடிக்கிறது. இதெல்லாம் நம்பர்ப் பக்கம். மிலான் மச்சானுக்கு இதில ஒரு அபிப்பிராயமும் இருக்காது. நீ மூணு படத்தில ஒண்டிலயாவது காத்து மாசத்தைப் போட்டாயா? ஓங்கில் போட்டாய். பெரிய எழுத்தில "சொர்க்கத்துக்கு வாருங்கள்" போட்டாய். கைட்காரன் சொர்க்கத்தைத் தேடி வாறதில்லடா. காத்தைத் தேடி வாறான்.

"பிடிச்சிருக்கா?" எண்டு கேட்டியே, அதுதான் பேர்ப் பக்கத்துக் கேள்வி. அதுக்கு ஊரில பிறந்த எல்லாரிட்டயும் பதில் இருக்கு. போனை அவர்ட கையில குடுத்து, "ஐயா, ஜெர்மனியில ஒரு பொடியன் இருக்கான். ஜூலையில லீவு. காத்து இருக்குமா எண்டு அவனுக்குத் தெரியணும். நீங்கதான் அந்தப் பொடியன், தேடிப் பாருங்க" எண்டு சொல்லிப் பார். மனுசன் கண்ணாடியை மூக்கில ஏத்தி, விரலால தேய்ச்சுத் தேய்ச்சுத் தேடுவார். கிடைக்கல்ல எண்டா அவரே "இதை மேல கொண்டுவா தம்பி" எண்டுவார். அந்த நேரம் அவருக்கு ரோஸ் நிறம் ஞாபகத்துக்கே வராது. ஜேக்கப் நீல்சன் எண்ட டென்மார்க்காரர் 2000 ஆம் ஆண்டே எழுதிவச்சாராம், அஞ்சு பேரை இப்பிடிப் பாவிக்க வச்சுப் பார்த்தாலே பெரும்பாலான பிழை வெளியில வந்திடும் எண்டு. உன்ட தங்கச்சிதான் எனக்கு வாசிச்சுக் காட்டினாள். கைட் பொடியன், குசினியில சமைக்கிற மனுசி, த்ரீவீலர்காரன், இவங்களிட்டக் கருத்துக் கேக்காதே. வேலை குடு. கருத்துக் கேட்டா எல்லாரும் மச்சான்தான்.

மூணு படம் ஏன் கொண்டுபோனாய் எண்டு கேட்டா, "சொய்ஸ் குடுக்கணும் தாத்தா" எண்டாய். நல்ல மனசு. உன்ட யூடியூப்பில வந்த அந்தக் கதையையே திருப்பிச் சொல்றன். 1986 இல ஸ்டீவ் ஜொப்ஸ் தன்ட புதுக் கம்பனி நெக்ஸ்ட்டுக்கு லோகோ கேட்டு, போல் ரேண்ட் எண்ட கிழவரிட்டப் போறார். ஐபிஎம்முக்கு லோகோ செய்தவர் அவர். நாலஞ்சு மாதிரி காட்டச் சொல்லிக் கேட்டார் ஜொப்ஸ். ரேண்ட் மாட்டன் எண்டிட்டார்: உன்ட பிரச்சினையை நான் தீர்ப்பன், நீ சல்லி குடுப்பாய், பாவிக்கிறதும் விடுறதும் உன்ட இஷ்டம், பல மாதிரி வேணுமெண்டா வேற ஆளைப் பாரு எண்ட கணக்கில. கூலி ஒரு லட்சம் டொலர். காட்டினது ஒரே ஒரு லோகோ. ஆனா அந்த ஒண்டைச் சும்மா நீட்டல்ல. ஏன் சின்ன எழுத்து, ஏன் பெரிய எழுத்து, ஏன் பெட்டி சரிஞ்சு நிக்குது எண்டு படிப்படியா விளக்கி ஒரு புத்தகமே அச்சடிச்சுக் கொண்டுபோனார். ஜொப்ஸ் ஒவ்வொரு பக்கமாப் புரட்டி, கடைசிப் பக்கத்து லோகோவுக்கு வந்து சேரும்போது, அந்த லோகோவைத் தானே கண்டுபிடிச்ச மாதிரி இருந்திருக்கும். அதுக்குப் பிறகும் ஒரு எழுத்திட மஞ்சள் நிறத்தில ரெண்டு பேரும் சண்டை. கிழவர் மேசையில குத்தினாராம். மஞ்சள் அப்பிடியே நிண்டுது.

உடனே நெஞ்சை நிமித்தாதே. நீ ரேண்ட் இல்ல. ஆலங்குடாவில மேசையில குத்தினா பிளேன்டீதான் கொட்டும். நான் சொல்ல வந்தது அந்தப் புத்தகத்தைப் பத்தி. உன்ட படத்துக்கு முன்னால ரெண்டு தாள் வை. "நீங்க இப்பிடிச் சொன்னீங்க, உங்கட ஆக்கள் இந்த மாசத்தில வாறாங்க, அவங்க முதல்ல தேடுறது இது" எண்டு அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பி வாசி. தன்ட வார்த்தையை மறுக்கிற முதலாளி இன்னும் கற்பிட்டியில பிறக்கல்ல. பிறகு ஒரு படம். மிஞ்சிப் போனா ரெண்டு, அதுவும் நிறத்தில வித்தியாசம் இல்ல, யோசனையில வித்தியாசம்: ஒண்டு கைட்காரனை முன்னுக்கு வைக்கிறது, மற்றது ஓங்கில் பார்க்க வாற குடும்பத்தை முன்னுக்கு வைக்கிறது. எந்த ஆளை வச்சுப் பிழைக்கப் போறம் எண்டு முதலாளி முடிவெடுப்பார். அது அவர்ட வேலை. பச்சையா நீலமா எண்டது உன்ட வேலை. வேலையை மாத்திக் குடுத்திட்டு, பிறகு "கிளையன்ட் சரியில்ல" எண்டு பேஸ்புக்கில அழுறாய்.

நீலம் எண்டவுடனே ஞாபகம் வருது. "எங்கட கடல்ட நீலம் வேணும்" எண்டு முதலாளி கேட்டாராமே. எந்தக் கடல்? ஒரு பக்கம் பெருங்கடல், மற்றப் பக்கம் களப்பு, ரெண்டுக்கும் நடுவில நீளமாக் கிடக்கிற மணல்தான் கற்பிட்டி. சோளகத்தில கலங்கின நீலமா, மாசியில தெளிஞ்ச நீலமா? கூகிள்காரன் ஒருக்கா ரெண்டு நீலத்துக்கு நடுவில முடிவெடுக்க ஏலாம, நடுவில இருக்கிற 41 நீலத்தையும் சனத்துக்குக் காட்டிச் சோதிச்சானாம். டக்ளஸ் பவ்மன் எண்ட அவங்கட டிசைனர் 2009 இல இதைச் சொல்லிப்போட்டே வேலையை விட்டிட்டுப் போனார். நம்பர்ப் பக்கம், நம்பர்ப் பக்கம் எண்டு நான் சொல்றதைக் கேட்டு நீயும் அந்த அளவுக்குப் போகாதே. பேர்ப் பக்கத்தில முதலாளிக்கும் ரெண்டு சாண் விட்டுவைக்கணும். காசு அவர்ட.

ஆனா சாம்பல் எழுத்து? அதில ஒரு சாணும் விடாதே. வெள்ளையில மெல்லிய சாம்பலா எழுதி வச்சிருந்தாயே, ஏன் எண்டு கேட்டா "மினிமல்" எண்டாய். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தக் கடற்கரையில போனை எடுத்துப் பாரு, உன்ட மினிமல் தெரியுதா எண்டு. நான் போர்ட் எழுதி முடிச்சா உச்சி வெயிலில ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிண்டு வாசிப்பன். உங்கட ஆக்களும் இதுக்குக் கணக்கு வச்சிருக்காங்க: எழுத்துக்கும் பின்நிறத்துக்கும் இடையில குறைஞ்சது நாலரைக்கு ஒண்டு எண்ட வெளிச்ச வித்தியாசம் வேணும் எண்டு, வெப்சைட்டுக்கு விதி எழுதுற டபிள்யூ3சி 2008 இலேயே எழுதிவச்சிருக்கு. மச்சான் சாம்பல் நிறம் கேட்டா இந்தக் கணக்கை எடுத்துக் காட்டு. இத்தாலிக்கும் அதே கணக்குத்தான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய திரையில காட்டி மனுசனை மயக்கவும் பார்க்காதே. ஈத்தன் மார்க்கொட் 2010 இல, எந்தத் திரைக்கும் தன்னை மடிச்சுக்கொள்ற வெப்சைட்டைப் பத்தி எழுதினதை வேதம் எண்டு நீதானே சொன்னாய்? உன்ட முதலாளி வெப்சைட்டைப் பார்க்கப் போறது வள்ளத்தில நிண்டுகொண்டு, ஈரக் கையால, வெடிச்ச கண்ணாடி போனில. அதிலேயே முதல்ல காட்டு.

அடுத்தது, படத்துக்குள்ள நிரப்பி வச்சிருந்த எழுத்து. லோரம் இப்சம் எண்டு தொடங்கி ஒரு மந்திரம். முதலாளிட தாய் தலவில கோயில் பெருநாளுக்கு ஓகஸ்ட் மாசம் தவறாமப் போறவ. அந்த மனுசி அதை வாசிச்சிட்டு, "சின்ன வயசில பூசை எல்லாம் இந்தப் பாசையிலதான் நடந்தது, கெஸ்ட் ஹவுஸுக்கு ஏன் பூசை?" எண்டு கேட்டாவாம். அவவுக்கு இருக்கிற அறிவு உனக்கில்ல. இலத்தீன்தான் அது. சிசரோ எண்ட ரோமாபுரிக்காரன் கி.மு. 45 இல இன்பத்தையும் நோவையும் பத்தி எழுதின புத்தகம். அதைக் கண்டதுண்டமா வெட்டி, 1960களில லெட்ராசெட் கம்பனி எழுத்து ஒட்டுற தாளில போட்டு வித்துது. பிறகு பேஜ்மேக்கர் வழியாக் கொம்பியூட்டருக்குள்ள வந்து குந்திக்கொண்டுது. ரெண்டாயிரம் வருசத்து நோவை ஆலங்குடா முதலாளிட தலையில ஏன்டா இறக்குறாய்? அறை விலையை எழுது. "காலையில இடியப்பம், சம்பல், மீன் குழம்பு" எண்டு எழுது. உண்மையான எழுத்தைப் போட்டாத்தான் பெட்டி காணுமா காணாதா எண்டு உனக்கே தெரியும்.

தமிழ்ப் பக்கம் எங்க எண்டு கேட்டன். "அது கடைசியில போடுவம் தாத்தா, இடம் விட்டிருக்கன்" எண்டாய். எவ்வளவு இடம்? "புக் நவ்" எண்டு ரெண்டு துண்டு ஆங்கிலத்துக்கு ஒரு குட்டிப் பொத்தான். அதுக்குள்ள "இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" எண்டதை எப்பிடித் திணிப்பாய்? மூணு மொழியில போர்ட் எழுதுற எவனும் தமிழைத்தான் முதல்ல அளப்பான். நீளமானது இடம் பிடிச்சா மற்றது ரெண்டும் தானா அடங்கும். ஆங்கிலத்தை முதல்ல எழுதினவன் கடைசியில தமிழை எறும்பு அளவுக்கு எழுதிப்போட்டு, கந்தோருக்கு முன்னால கொழுவிட்டுப் போவான். நாட்டில அந்த மாதிரிப் போர்ட் காணாது எண்டு நீயும் ஒண்டு செய்யப் பார்க்கிறாய்.

அச்சகத்தில இருந்து பாமினி எழுத்துருவில அடிச்சுத் தந்த தமிழை அப்பிடியே ஒட்டி, அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாச் சிதறிக் கிடந்ததைக் கவனிக்காம அனுப்பினவனும் நீதான். இன்னொரு படத்தில கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், அரவு இன்னொரு பக்கம். போட்டோஷொப்பில இந்திய மொழிக்கான எழுத்துக் கோர்வையைத் திறந்துவிடாட்டி அப்பிடித்தான் வருமாம். திறந்துவிட எவ்வளவு நேரம்? 2010 இலேயே ".இலங்கை" எண்டு முடியிற முகவரி நாட்டுக்குக் கிடைச்சாச்சு. முகவரியைத் தமிழில வாங்கலாம், உள்ளுக்குப் போனா கொம்பு உடைஞ்சு கிடக்கும். நல்ல வரவேற்பு.

மாலைதீவுப் படங்களையும் கழட்டு. தண்ணிக்கு மேல கால் நட்ட வீடு ஆலங்குடாவில எங்கடா இருக்கு? முதலாளி பார்த்து வாய் பிளந்தார் எண்டு சந்தோசப்பட்டாய். நாளைக்கு அந்தப் படத்தை நம்பி வாறவன் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்து வாய் பிளப்பான். கருவாட்டு வாடி, வெங்காயத் தோட்டம், ரோட்டில படுத்துக் கிடக்கிற கழுதை, ஒல்லாந்தர் கோட்டை, இதுகளையும் காட்டு. இதைப் பார்த்தும் வாறவன்தான் அடுத்த வருசமும் வருவான்.

இன்னொரு சங்கதி. நீ காட்டுற படம் அளவுக்கு மீறி முடிஞ்ச மாதிரி இருக்குது. அதுதான் உன்ட சல்லிக்கு வைக்கிற உலை. பிக்மாவில பொத்தானைத் தட்டினா அடுத்த பக்கம் திறக்குது, ஓங்கில் துள்ளுது. "அப்ப முடிஞ்சுதே தம்பி, நாளைக்கே ஏத்துவமா?" எண்டு கேட்டாரா இல்லையா? வேலை இனித்தான் தொடங்குது எண்டு சொன்னா, நீ ஏதோ சல்லி பறிக்கிறாய் எண்டு அவருக்குச் சந்தேகம். முதல் தரம் பென்சிலால கீறிக் கொண்டுபோ. பல்சாமிக் எண்ட சாமானை 2008 இல ஒருத்தர் செய்தார். கொம்பியூட்டரில செய்தாலும் கையால கீறின மாதிரியே கோணலா நிக்கும். வேணுமெண்டே அப்பிடி வச்சிருக்கார், பார்க்கிறவன் நிறத்தைப் பத்திக் கதைக்காம, எது எங்க இருக்கணும் எண்டு கதைக்கட்டும் எண்டு. அவரும் இத்தாலிக்காரர்தான். மச்சானுக்கு மறக்காமச் சொல்லு.

பிக்மாவைக் குறை சொல்லல்ல. 2022 செப்டம்பரில அடோபி அதை 20 பில்லியன் டொலருக்கு விலை பேசினான். அதே மாசம்தான் எங்கட முழு நாடும் ஐஎம்எஃப் வாசலில நிண்டு, நாலு வருசத்துக்கு மூணு பில்லியனுக்கும் குறைவா ஒரு கடனுக்கு முதல் கையெழுத்து வாங்கினது. நாங்க மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்க, படம் கீறுற பலகைக்கு ஏழு இலங்கையிட கடன். அடுத்த வருசம் டிசம்பரில அந்த வியாபாரமும் குழம்பிப் போச்சு. குழம்பினாலும் அவங்களுக்குக் கஞ்சிக்குக் குறைவில்ல. உனக்குத்தான் அரைவாசிச் சல்லி முன்னுக்கு வாங்காட்டி மண்ணெண்ணெய் வரிசை.

ஆர் உண்மையான முதலாளி எண்டதையும் முதல்லயே மோப்பம் பிடி. கையெழுத்துப் போடுறவர் எல்லாம் முதலாளி இல்ல. அந்த வீட்டில மனுசி கணக்குப் புத்தகத்தை மடியில வச்சிருந்தா எண்டு நீயே சொன்னாய், பிறகும் அவவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதலாளிக்கு மட்டும் படம் விரிச்சாய். மச்சான் சல்லி போட்டிருந்தா, மிலானுக்கு வீடியோ கோல் எடுத்து அவரையும் முதல் நாளே குந்தவை. பிறகு வந்து குழப்ப அவருக்கு வழியிருக்காது. காட்டி முடிச்சா வாயை மூடு. "இந்த மூலையில வளைவு ஏன் எண்டா" எண்டு தொடங்காதே. அவர் பார்க்கட்டும். பேசாம இருக்கிறது கஷ்டம்தான், உன்ட வயசில எனக்கும் ஏலல்ல.

சரி, தந்திரம் கேட்டாய். 1988 இல வந்த பட்டில் செஸ் எண்ட விளையாட்டைப் பத்தி ஒரு கதை சொல்லுவாங்களாம். எதைக் காட்டினாலும் ஏதாவது ஒண்டை மாத்தச் சொல்ற மேலதிகாரி அங்க ஒருத்தர். படம் கீறினவன் ராணிக்குப் பக்கத்தில ஒரு தாராவை வச்சான், ராணியைத் தொடாமலே கழட்ட ஏலுற மாதிரி. அதிகாரி பார்த்தார், எல்லாம் நல்லம், தாராவை எடு எண்டார். எடுத்தான். முடிஞ்சுது. கட்டுற வீட்டுக்கு முன்னால பூசணிக்காயில கண்ணும் மூக்கும் கீறிக் கட்டித் தொங்கவிடுறமே, அதே வேலை. கண்ணூறு அதில விழட்டும், வீடு தப்பட்டும்.

இதை உனக்குப் போன மாசமே சொல்லித் தந்தன், கண்டக்குளியில ஓங்கில் பார்க்க வள்ளம் விடுறவருக்குப் படம் காட்டப் போகும்போது. மூலையில ஒரு கழுதையை வை எண்டன். அவர் கழுதையை எடு எண்டுவார், நீ எடுப்பாய், மிச்சத்தில கை வைக்க மாட்டார். சரியான யோசனை. நீ என்ன செய்தாய்? அந்தக் கழுதைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, உயிர்காப்பு ஜக்கட் மாட்டி, வள்ளத்து அணியத்தில நிக்கவச்சு, பல்லைக் காட்டிச் சிரிக்கவச்சாய். மனுசன் பார்த்தார். மனுசியைக் கூப்பிட்டார். பிள்ளைகள் ஓடிவந்துதுகள். பங்காளிகள் ரெண்டு பேர், பல வருசமா முகம் பாக்காதவங்க, ஒரே போனில தலையை முட்டிக்கொண்டு சிரிச்சாங்களாம். கழுதை நிண்டுது. கழுதையை மேல ஏத்து எண்டாங்க. ஓங்கிலை எடுத்தாங்க. கடலுக்குள்ள ஓங்கில் காட்டுற கம்பனிக்கு இப்ப கழுதைதான் முகம். வெள்ளைக்காரன் வந்து வள்ளத்தில ஏறுறதுக்கு முந்தி, கழுதை எங்க எண்டு கேக்கிறானாம்.

என்ட யோசனையில பிழை சொல்லாதே. கழட்டுறதுக்கு வைக்கிற கழுதையை அவ்வளவு வடிவா ஆருடா கீறச் சொன்னது?

இப்ப டீசேட்டுக்கும் அந்தக் கழுதைதான் வேணுமாம், வள்ளத்திட ரெண்டு பக்கத்திலயும் எழுதணுமாம், என்னைத்தான் கேட்டு அனுப்பியிருக்காங்க. நான் ஒரு பக்கத்துக்கு விலை சொல்லிட்டன், முன்பணமும் கைக்கு வந்திட்டுது. டீசேட்டும் வள்ளமும் வெப்சைட் விலைக்குள்ள வராது, அது லோகோ வேலை. ரேண்டுக்கு ஒரு லட்சம் டொலர். நீ கழுதைக்கு எவ்வளவு போட்டாய்?

என்னடா முழிக்கிறாய்? சும்மா குடுத்திட்டியா? அந்த போனை இங்க தா. கண்டக்குளிக்காரர்ட நம்பரை எடு, நான் கதைக்கிறன்.